மேற்குப் பாதி

நவம்பர் 12, திங்கள்

வண்டி இன்று முட்டி போட்டது.

காலையில் சந்திலிருந்து பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தேன். கடக் என்று ஒரு சத்தம். இடது முன்மூலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. எதிர்வீட்டு டிராயிங் வாத்தியார் பல் குச்சியோடு வந்து நின்று, "என்னுங்ணா, வண்டி உங்களைக் கும்பிடுதுங்களா?" என்றார். நான் ஜாக்கி தேடப் போனேன்.

உடைந்தது ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில், முழங்கால் சில்லு மாதிரி இருக்கும் ஒரு இரும்புக் கட்டை. உள்ளே திருகு மரை. கைக்குள் அடங்கிவிடும். ஆனால் வண்டியின் பாரம், ஓட்டுகிறவன் உயிர், இரண்டும் அதன் மேல்தான். ஐம்பத்து மூன்றாம் வருடத்து மோரிஸ் மைனர். இந்த ஊரில் பழைய ஆட்கள் பேபி ஹிந்துஸ்தான் என்பார்கள். அந்தக் கட்டைக்குத் தவறாமல் கிரீஸ் வைத்தேன். அதற்கும் மேல் உழைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. குறை சொல்ல மாட்டேன்.

ஜனவரி இருபதாம் தேதி பழைய கார்க்காரர்கள் எல்லாம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மலை ஏறுகிறார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி என் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். அது கிடைக்கும், கிடைக்காது, அது வேறு பேச்சு. நாற்பது வருடமாக இந்த வண்டி வைத்திருக்கிறேன், அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. போன வருடம் டீ குடிக்கும் இடத்தில் ஒருத்தன், "காப்பித்தூள்காரர் வண்டி சமதரைக்குத்தானுங்க" என்றான். காப்பித்தூள் விற்றுப் பிழைத்த என் காதில் விழும்படிதான் சொன்னான்.

நான் ஓட்டி ஏற்றுவேன். வேறு ஆள் ஓட்டுவதானால் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

நவம்பர் 13, செவ்வாய்

இடது ட்ரன்னியன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாச்சிமுத்து வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. என் மனைவி மயிலாத்தாளின் அண்ணன், என் மச்சான். பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

அவரிடமும் இதே வண்டி உண்டு. இருவரும் சேர்ந்துதான் வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்த மூன்றாவது மோரிஸை வாங்கினோம், சாமான்களுக்காக. சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் காலமெல்லாம் பத்திரம் எழுதியவர் அவர். நாலெல்லை சொல்லாமல் தோசைகூடப் பிய்க்க மாட்டார். ஷெட்டில் நின்றுகொண்டு, "மேக்குப் பாதி உங்களுக்கு, கெழக்குப் பாதி எனக்கு. சரிங்களா மாப்ளே?" என்றார். வண்டியின் முகம் வடக்கே. ஆகவே மேற்கு என்றால் இடது பக்கம். அப்போதே என் வண்டிக்கு இடது பக்கம்தான் தளர்ச்சி. சரி என்று கைகொடுத்தேன்.

லாரிக்காரன் அதைக் கொண்டுவந்து மச்சான் வீட்டுக் களத்தில் முகம் தெற்கே பார்க்க இறக்கிவிட்டான்.

பிரிக்கிற அன்று போனேன். மச்சான் வலது பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இப்ப மேக்கு இதுதானுங்க மாப்ளே!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏமாற்றுகிறவன் அழுதுகொண்டா சொல்வான்? எல்லையை மாற்றி எழுதித் தின்ற கை என்று நானும் சொன்னேன். பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் சிரிப்பு நின்றது. "அப்பச் சொன்ன சொல்லு மேக்கு. மேக்கே எடுத்துக்குங்க" என்றார். நானும் விடவில்லை. வலது பக்கத்துச் சாமான் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வலது பக்கத்தில் என் வண்டிக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. சாமான் சாக்கில் கிடக்கிறது.

நவம்பர் 17, சனி

கோவை, உக்கடம். பஸ்ஸில் ஊர்ப்பெயரை இப்போது மின்விளக்குப் புள்ளிகளாகப் போடுகிறார்கள், ஒருவருக்கும் தெரிவதில்லை. முதலில் உடுமலை பஸ்ஸில் ஏறி இறங்கினேன்.

சையது இஸ்மாயில் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரைக்கு அடியில் இரும்பு மலை. எனக்குத் தெரிந்து அதில் எதுவும் அடுக்கி வைக்கப்பட்டதில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நேராகப் போய்க் கையை நுழைத்து எடுப்பார். ஒரு தடவை நான் கேட்ட கதவுக் கைப்பிடியை ஒரு கிரைண்டர் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தார். அப்படி ஒரு தலையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"டிரைவர் சைடா, கிளீனர் சைடா?" என்றார். லாரிக்காரர்கள் பேச்சு அது. வலது டிரைவர், இடது கிளீனர். எத்தனை தெளிவான பேச்சு. வண்டி எந்தத் திசையில் திரும்பினாலும் டிரைவர் இடம் மாறி உட்காரப் போவதில்லை.

"கிளீனர்."

கண்ணை மூடினார். திறந்தார். "இல்லீங்க. ரெண்டுமே இல்லை. ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. டிரைவர் சைடு வேணும்னு ஒருத்தர் பத்து வருசமா வந்துட்டிருக்காரு. அவரும் பொள்ளாச்சிதான். நீங்க கிளீனர் சைடு கேக்கறீங்க. ஒரே ஊருக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டீங்களா?"

"யார் அது?"

"பேரு கேட்டதில்லை. வெள்ளை வேட்டி. காதுல எப்பவும் ஒரு பேனா."

பொள்ளாச்சியில் காதில் பேனா செருகியவர்கள் நூறு பேர் இருப்பார்கள்.

நவம்பர் 18, ஞாயிறு

நூறு பேரிடமும் மோரிஸ் மைனர் இருக்குமா என்று மயிலாத்தாள் கேட்கிறாள். தோசைக்கு உப்பு பற்றவில்லை என்றேன்.

நவம்பர் 24, சனி

வாங்க முடியாததைச் செய்துகொள்ள வேண்டியதுதான். சாக்கிலிருந்து வலது ட்ரன்னியனை எடுத்துத் தண்டபாணி லேத்துக்குக் கொண்டுபோனேன், மாதிரிக்கு. வெள்ளிக்கிழமை சொன்னபடி கொடுத்தார். அழகான வேலை. விளிம்பெல்லாம் மழுக்கி, பளபளவென்று. இன்று மாட்டிப் பார்த்தேன். ஏறவில்லை. எத்தனை திருகினாலும் முதல் மரையிலேயே வெளியே வருகிறது.

தண்டபாணி நேரில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். "அட என்னுங்க நீங்க! இக்கட்ட இருக்கறது எதிர் மரைங்க. அக்கட்டச் செருப்பைக் கொடுத்து அதே மாதிரி ஒண்ணு செய்யச் சொன்னா, ரெண்டும் ஒரே காலுக்குத்தானுங்க வரும்?"

இடது பக்கம் இடது மரை, வலது பக்கம் வலது மரை. சக்கரம் திரும்பும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதை வரைந்தவன் எவனோ, அவன் கையைக் கும்பிட வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கிறது. காப்பிக்கொட்டை வறுபடும் நேரத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் வரிவரியாகப் படித்த புத்தகம்தான். ஒரு காலேஜும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பக்கத்தை இன்று காலை மறுபடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எழுத்து ரொம்பப் பொடி.

டிசம்பர் 1, சனி

எதிர் மரையாக இன்னொன்று கடையச் சொன்னேன். பழைய தண்டில் மரை அளவை நானே கேஜ் வைத்துப் பார்த்து எண்ணைச் சொன்னேன். தண்டபாணி அப்படியே கடைந்தார். மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. அவர் கேஜை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "நீங்க சொன்னது வேறு நம்பருங்க" என்றார்.

கேஜில் எண் தேய்ந்திருக்கிறது என்றேன்.

"போன மாசம் வாங்கினது."

மூன்றாவது ஒன்று கடைந்து தரச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "வீதியில ஓட்டறதுன்னா செஞ்சு தருவேனுங்க. நீங்க ஆழியாறு தாண்டி ஏறோணுங்கறீங்க. எரநூறு அடிப் பள்ளத்துக்குப் பக்கத்துல நான் கடைஞ்ச இரும்பு ஒடைஞ்சா அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க. ஒரிஜினல் கெடைச்சாக் கொண்டாங்க, நானே வந்து மாட்டித் தாரேன்." பிறகு தணிந்த குரலில், "கண்ணாடி மாத்தினா நல்லதுங்ணா."

அவர் மறுத்ததில் எனக்குக் கோபம்தான். ஆனால் தன் கைவேலையைத் தானே நம்பாமல் சொன்ன ஆள் மேல் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

டிசம்பர் 3, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. மயிலாத்தாள் இழுத்துக்கொண்டு போனாள். சொட்டு மருந்து விட்டார்கள். டாக்டர் சின்னப் பையன். ஏதேதோ பேசினான். சாயங்காலம் வாழைக்கு மண் அணைத்தேன்.

டிசம்பர் 4, செவ்வாய்

தமயந்தி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அந்தச் சாமானை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமாம், படம் அனுப்பினாள். எப்போது வரும் என்றேன். பிப்ரவரி கடைசி. அப்படியானால் வேண்டாம்.

"ஏம்ப்பா, வண்டி பிப்ரவரிக்கு அப்பறம் ஓடாதா?"

ஓடும். வண்டிக்கு என்ன?

டாக்டர் சொன்னதை அம்மா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

டிசம்பர் 9, ஞாயிறு

மார்க்கெட்டுக்குப் போகிறவன் கோட்டூர் ரோடு வழியாகப் போனால் ஒன்றும் குற்றமில்லை. மச்சான் வீடு அந்த ரோட்டில் இருக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றேன். வண்டி செங்கல் மேல் நிற்கிறது. நாலு சக்கரமும் கழற்றி, துணி சுற்றி, சுவரில் மாட்டியிருக்கிறது. முன் வலது பக்கம் தண்டு மட்டும் தொங்குகிறது, அடியில் கட்டை இல்லை.

இது இன்று நேற்று நின்றதல்ல. செங்கல்லில் பாசி ஏறியிருக்கிறது.

ஆனால் வண்டி! கருப்பு, பளிங்கு மாதிரி. பக்கத்தில் போகாமலே கூரை ஓட்டின் ஓட்டைகள் அதில் விழுவது தெரிந்தது. பம்பரில் ஒரு துரு இல்லை. பேட்டரி கழற்றிப் பலகை மேல். ரேடியேட்டர் மூடிக்குத் துணித்தொப்பி. ஓடாத வண்டியை ஒருத்தன் இப்படி வைத்திருக்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது? நானே என் வண்டிக்கு மாதம் ஒருமுறைதான் மெழுகு போடுகிறேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். யோசிக்க வேண்டியிருந்தது. அவருக்கு வேண்டியது வலது பக்கம். அன்றும் அதுதான் வேண்டியிருந்திருக்கிறது. ஷெட்டில் அதனால்தான் கிழக்கைக் கேட்டிருக்கிறார். களத்தில் மேற்கு மேற்கு என்று அவர் நின்றதில் அவருக்கு ஒரு துரும்பு லாபம் இல்லை. தனக்கு வேண்டியதை என் சாக்கில் ஏற்றிவிட்டு, வேண்டாததை வைத்துக்கொண்டு, பதினோரு வருடம் செங்கல் மேல் நிற்க வைத்து மெழுகு போட்டிருக்கிறார். சொன்ன சொல்லுக்காக.

இப்படி ஒரு முரட்டுத்தனத்தை நான் முகம் மழிக்கும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 10, திங்கள்

மயிலாத்தாளிடம் கேட்டேன், உன் அண்ணன் வண்டி ஓடாதது உனக்குத் தெரியுமா என்று.

"தெரியாம?"

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"அண்ணன் பேரை எடுத்தா நீங்க எலையை விட்டு எந்திரிச்சீங்கொ. ரெண்டு தடவை எந்திரிச்சீங்கொ. மூணாவது தடவைக்கு நான் சோறு வடிக்கறதா, வேண்டாமா?"

"அவரும் கேட்கவில்லையே. வந்து கேட்டால் கொடுக்க மாட்டேனா?"

"நீங்க போய்க் கேட்டா அவரு கொடுக்க மாட்டாரா?"

நான் ஏன் போக வேண்டும்? தப்பு யாருடையது?

"மேக்கோட தப்பு" என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

டிசம்பர் 16, ஞாயிறு

மார்கழி பிறந்தது. மயிலாத்தாள் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள், அங்கே மாடு கன்று போட்டிருக்கிறதாம். கன்று என்ன நிறம் என்றேன். யோசித்துவிட்டு, செவலை என்றாள்.

டிசம்பர் 28, வெள்ளி

வண்டி ஜாக்கியில். கேட்பாரில்லை.

ஜனவரி 1, செவ்வாய்

புது டைரி. இந்த வருடம் கோடுகளை ரொம்ப மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள்.

ஜனவரி 5, சனி

கிளப் செயலாளர் போன். வண்டி வருகிறதா, பேர் எழுதட்டுமா என்றார். எழுதுங்கள் என்றேன். டிரைவர் பேர்? கு. அர்த்தநாரி என்றேன். சாமான் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு மயிலாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 13, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பொங்கலுக்கு முன் அண்ணன் தங்கைக்குச் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சில்லாத பதினோரு வருடமும் நாச்சிமுத்து அதை நிறுத்தியதில்லை. கேட் வரை வருவார். தட்டுகளைத் தங்கை கையில் கொடுப்பார். உள்ளே கால் வைக்காமல் திரும்பிவிடுவார். அந்த நேரத்தில் எனக்குப் பின்கட்டில் ஏதாவது வேலை இருக்கும்.

இன்றும் பின்கட்டில்தான் இருந்தேன். "ஏனுங்க, இங்க வாங்க" என்று மயிலாத்தாள் கூப்பிட்டாள். முன்னறையில் தட்டுகள் வரிசையாக. பச்சரிசி, அச்சு வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு சேலை, கதவோரம் கரும்புக் கட்டு. நடுவில் ஒரு தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, இலையின் மேல் இடது ட்ரன்னியன்.

மண்ணெண்ணெயில் கழுவி, மரைக்குள் புதுக் கிரீஸ் வைத்து, மேலே ஒரு குங்குமப் பொட்டு.

கையில் எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் பிடிக்கவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டு மரையைத் தடவினேன். ஒவ்வொரு பல்லும் கூராக இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு துளி ஈரம் இதைத் தொட்டதில்லை. தன் வண்டிக்குப் பொருந்தாத சாமானை, தன்னைத் திட்டியவனுக்கு மட்டுமே பொருந்துகிற சாமானை, ஒருத்தன் இப்படி வைத்திருந்திருக்கிறான்.

"இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது" என்றேன்.

"உங்களுக்கு யாரு கொடுத்தா?" என்றாள். "எனக்கு வந்த சீருங்க. எம் பொறந்த ஊட்டுச் சீரு. சேலை கொடுத்தா நான் கட்டிக்குவேன். வெல்லம் கொடுத்தா பொங்கலுக்குப் போடுவேன். இதைக் கொடுத்திருக்கறாங்க. எம் புருசன் வண்டிக்குப் போடறேன். உங்ககிட்டயா கேட்டேன்?"

பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பச் சொல்கிறவன் மனுசன் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுத்தது ஒன்றும் இல்லை.

கேட் பக்கம் பார்த்தேன். மச்சான் போகாமல் நின்றுகொண்டிருந்தார். தட்டு திரும்ப வர வேண்டுமே. வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்பதும் வழக்கம்தான். மயிலாத்தாள் இரண்டு தேங்காயும் வெற்றிலையும் எடுத்து வைத்தாள். நான் கொட்டகைக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். வலது ட்ரன்னியன் தண்டபாணியிடமிருந்து வந்தபடியே இருந்தது. துடைத்தேன். என் வேட்டியிலேயே துடைத்தேன், துணி தேட நேரமில்லை. தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

தட்டை அவளே கொண்டுபோனாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன், உருவம்தான் தெரிந்தது. அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு சத்தம் கேட்டது: "ஏம்மிணி, உங்க ஊட்டுக்காரரு இதை மேக்கேருந்து எடுத்தாரா, கெழக்கேருந்தா?"

"உள்ள வந்து நீங்களே கேளுங்கண்ணா" என்றாள் அவள்.

வந்தார்.

ஜனவரி 14, திங்கள்

போகி. எருமைக் கொட்டகைக்கு வெள்ளை அடித்தேன்.

ஜனவரி 17, வியாழன்

தண்டபாணி சொன்னபடி வந்து மாட்டிவிட்டார். மச்சானும் வந்தார். வண்டியைப் பார்க்க வரவில்லையாம், தங்கையைப் பார்க்க வந்தாராம். தங்கை அடுக்களையில் இருக்க, இவர் மூன்று மணி நேரம் மட்கார்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வண்டியையும் இருபதாம் தேதிக்குள் தயார் செய்யலாமே என்றேன். டயரெல்லாம் வெடித்திருக்கிறது, பிரேக் சிலிண்டர் இறுகிவிட்டது, ஆனி மாதமாவது ஆகும் என்றார். "அதுக்குள்ள நாம எறங்கிப் போயிராம இருந்தாச் சரி."

ஷெட்டில் பேசியதுதான் பேச்சு என்று சொன்னேன். பிரிக்கிற அன்று எந்தத் திசையோ அதுதான் என்றார். பத்திரத்தில் நிலம் திரும்பிப் படுக்காது, வண்டி திரும்பும், அதனால் திசை சொன்னதே தப்பு என்று தண்டபாணி சொன்னார். உங்களைக் கேட்கவில்லை என்று இருவரும் சேர்ந்து சொன்னோம்.

மாலையில் வீதியில் ஒரு சுற்று ஓட்டினேன். ஸ்டியரிங் வெண்ணெய். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். "முன்பக்கம் சத்தமே இல்லீங்க மாப்ளே" என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. என்னவோ தன் வண்டி மாதிரி.

குழந்தைகள் சைக்கிள் நடுவீதியில் கிடந்தது. அவர் சொல்லித்தான் ஒதுக்கினேன். வீதி விளக்கு இன்னும் போடவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். நான், பக்கத்தில் மச்சான், பின்னால் மயிலாத்தாளும் புளிச்சாதமும். மொத்தம் பதினாறு வண்டிகள். ஆழியாறு டீக்கடையில், போன வருடம் சமதரை என்று சொன்னவன் நின்றிருந்தான். அவன் வண்டி ரேடியேட்டர் கொதித்து அங்கேயே நின்றுவிட்டது. நான் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு இனிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் வளைவு. இரண்டாம் கியர். ஸ்டியரிங்கை ஒடித்தேன். இடது மூலை பாரத்தை வாங்கிக்கொண்டு, ஒரு முனகல் இல்லாமல், நிமிர்ந்தது. அறுபத்தைந்து வயது வண்டி. சின்ன என்ஜின். மூன்று கிழங்களைச் சுமந்துகொண்டு ஏறுகிறது. அவசரப்படவில்லை, மூச்சு வாங்கவில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் கிழக் காளை மாதிரி, தன் நடை எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கீழே அணைத் தண்ணீர் தகடாகக் கிடந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம், ஓரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் வளைவில் மச்சான், "மாப்ளே, இப்ப மேக்கு எக்கட்டங்க?" என்றார்.

"பேசாம வாங்க."

நாலாம் வளைவில் வண்டி திரும்பியதும், "இப்போ?"

பின்னால் மயிலாத்தாள் சிரித்து, புளிச்சாதப் பாத்திரம் உருண்டது. ஒவ்வொரு வளைவுக்கும் கேட்டார். நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

பன்னிரண்டோ பதின்மூன்றோ, எத்தனையாவது வளைவு என்று போர்டில் சரியாக எழுதவில்லை. வெயில் மரத்துக்கு இடையில் விட்டு விட்டு அடித்தது. ஹார்ன் கேட்டது. நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே ஒன்றும் இல்லை. விரலால் விபூதியைத் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல், அவ்வளவுதான். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து பஸ் வந்தது. வந்து, பக்கத்தில் போயிற்று. அதன் ஜன்னல் வரிசை முழுவதும் என் தோளுக்கு அருகில் ஓடி முடிந்தது.

யாரும் கத்தவில்லை. மச்சான் கை மட்டும் டேஷ் போர்டின் மேல் இருந்தது. மேற்கு எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வளைவு வரை ஓட்டினேன். அங்கே அகலமாக இடம் இருந்தது. ஓரம் கட்டினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். இறங்கினேன். நிறுத்தியது நான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

மச்சானும் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். நான் அந்தப் பக்கம் போக, அவர் இந்தப் பக்கம் வர, வண்டியின் முகத்துக்கு முன்னால் எதிரெதிரே கடந்தோம். அவர் என் தோளைத் தொடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதரை நான் மதிக்கிறேன். பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போயிற்று.

இடது சீட்டில் உட்கார்ந்தேன். நாற்பது வருடத்தில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது இல்லை. என்ஜின் சத்தம் அங்கிருந்து வேறு மாதிரி கேட்கிறது, கொஞ்சம் கனமாக, கோயில் மணி ஓய்ந்த பிறகு வருகிற ரீங்காரம் போல. காலடியில் இடது சக்கரம் வளைவை வாங்குவது உடம்பில் தெரிகிறது. கையில் வேலை இல்லாததால் எல்லாம் தெரிகிறது. தேயிலை வாசனை வந்தது. மச்சான் கியர் மாற்றத் தாமதித்த இடங்களில் "மாத்துங்க" என்றேன். மாற்றினார்.

நாற்பதாவது வளைவும் ஏறிவிட்டது. இவ்வளவு காலம் இந்த வண்டியை ஓட்டினேன். இன்றுதான் இதில் போனேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

லைசென்ஸ் இன்றோடு முடிந்தது. நாளைக்கு ஆபீசுக்குப் போகோணுங்களா என்று மயிலாத்தாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய அட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

சாயங்காலம் மச்சான் வந்தார். ஆனைமலை வரை போய்வந்தோம். நன்றாகத்தான் ஓட்டுகிறார், கருப்பு வண்டிக்காரருக்குக் கை பதமாக இருக்கிறது. ஆனால் கிளச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறார். தகடு தேய்ந்துவிடும், இதற்கு நான் எங்கே போய்த் தேடுவேன்? சொன்னேன்.

"பக்கத்துல உக்கார்றவனுக்கு வாய் மட்டுந்தான் மாப்ளே" என்றார்.

வாய் போதும். மறுபடி சொன்னேன். காலை எடுத்தார்.